தண்ணீரைக் கட்டிய இடம்

அந்த அக்கா யாருடைய வீட்டுக்குப் போனாலும் சப்பாத்தை வாசலில் விடமாட்டார். கழற்றி, தான் கொண்டுவந்த பிளாஸ்டிக் பையில் போட்டுக் கையோடு உள்ளே கொண்டுபோவார். பனிக்காலத்தில் அந்தப் பைக்குள் ஸ்னோ உருகித் தண்ணீராய் நிற்கும். பிறந்தநாள் வீடென்றாலும் செத்தவீடென்றாலும் கதிரைக்குக் கீழே பையை வைத்துக்கொண்டுதான் இருப்பார். எழும்பிப் போகும்போது முன்வாசலால் போகமாட்டார். குசினிக் கதவு, கராஜ் கதவு, பேஸ்மென்ற் கதவு, எதுவாவது வேறொன்று வேண்டும். அடுக்குமாடிக் கட்டடம் என்றால் லிஃப்டில் ஏறி வந்தவர் படியால் இறங்கிப் போவார்.

"சப்பாத்தை ஆரும் கொண்டுபோயிடுவினம் எண்டு பயமோ அக்கா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"இல்லைப் பிள்ளை. வந்த வழியாலை திரும்பிப் போறது எனக்குச் சரிவராது" என்றார். கத்தரிக்காய் தனக்கு ஒத்துக்கொள்ளாது என்று சொல்வதுபோல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. நான் கலியாணம் முடித்துக் கனடாவுக்கு வந்து அதிக காலம் ஆகவில்லை. மார்க்கம் என்ற ஊரில், கொம்பியூட்டருக்குள் போடும் பச்சைப் பலகைகளில் சின்னச் சின்னப் பாகங்கள் பொருத்தும் பக்டரி ஒன்றில் எனக்கு வேலை கிடைத்தது. என் வரிசையில் பக்கத்துக் கதிரை அக்காவுடையது. நாற்பதைத் தாண்டியிருப்பார். மெலிந்த உடம்பு, கழுத்தில் ஒரு சின்னச் சிலுவை. ஊரில் யாழ்ப்பாணத் தீவுப் பக்கம். இங்கே ரூஜ் என்ற பகுதியில் தம்பி புதிதாக வாங்கிய வீட்டில் இருந்தார். அவருக்குக் கார் ஓடத் தெரியாது. நான் அப்போதுதான் லைசென்ஸ் எடுத்து ஒரு பழைய காரும் வைத்திருந்தேன். போகிற வழிதானே என்று அவரை ஏற்றி இறக்கத் தொடங்கினேன்.

முதல் நாளே பயந்து போனேன்.

காலையில் ஸ்டீல்ஸ் வீதியால் போனோம். பின்னேரம் வேலை முடிந்து திரும்பும்போது, "இதாலை வேண்டாம் பிள்ளை, வேறை ரோட்டாலை விடு" என்றார். ஏதோ கடைக்குப் போகப் போகிறாராக்கும் என்று நினைத்து வடக்கே திருப்பினேன். அந்த நாளில் மார்க்கத்துக்கு அங்கால் வெறும் வயல்தான். ஸ்னோ கொட்டத் தொடங்கியது. வீதி எது, வயல் எது என்று தெரியவில்லை. எதிரே ஒரு வாகனமில்லை. பெற்றோல் விளக்கு வேறு எரியத் தொடங்கிவிட்டது. கார் ஒரு பக்கமாக வழுக்கி, வீதியோரப் பள்ளத்தின் விளிம்பில் போய் நின்றது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அக்கா மடியில் சாப்பாட்டுப் பையை வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தார்.

"ஏன் அழுகிறாய்? பயப்பிடாதை. தெரியாத வழியிலை ஒருத்தரும் எங்களுக்காகக் காத்துக்கொண்டு நிக்கமாட்டினம்."

ஆறுதலுக்குத்தான் சொன்னார். ஆனால் அதைக் கேட்டதும் என் அழுகை நின்றுவிட்டது. தெரிந்த வழியில் யார் காத்து நிற்கிறார்கள்? ஸ்னோ வழிக்கும் வண்டி ஒன்று வந்து எங்களை இழுத்துவிடும்வரை அதையேதான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

பக்டரியிலும் எல்லோருக்கும் இது தெரியும். ஒருநாள் நெருப்பு ஒத்திகை வைத்தார்கள். மணி அடிக்க எல்லோரும் பின்கதவால் வெளியே போய்க் குளிரில் நின்றோம். திரும்பி உள்ளே வரச் சொன்னபோது அக்காவைக் காணவில்லை. சூப்பர்வைசர் பதறிப்போய் உள்ளே ஓடினார், வெளியே ஓடினார். அக்கா கட்டடத்தைச் சுற்றி முழங்கால் அளவு ஸ்னோவுக்குள்ளால் நடந்து முன்கதவால் வந்துகொண்டிருந்தார். சூப்பர்வைசர் கத்தினார். அக்கா தலையைக் குனிந்துகொண்டு நின்று கேட்டார். அடுத்த ஒத்திகையிலும் அதையேதான் செய்தார்.

தம்பியின் மனைவி ஒருநாள் வாசலில் என்னைத் தனியாகப் பிடித்தார்.

"மச்சாளுக்கு இஞ்சை கொஞ்சம் ஏதோ" என்று நெற்றியைத் தொட்டுக் காட்டினார். "பிள்ளையளும் உதைப் பாத்துப் பழகுதுகள். பள்ளிக்கூடத்தாலை வந்து பின்பக்க ஜன்னலுக்குள்ளாலை ஏறி வருதுகள். நீர் சொன்னால் கேப்பா. ஒருக்காச் சொல்லிப் பாரும்."

நான் சொல்லவில்லை. சொல்லப் பயமாக இருந்தது. தெரிந்த வழியில் யார் காத்து நிற்கிறார்கள் என்ற கேள்விக்கு ஏதோ பதில் இருக்கிறதென்றும் அதைக் கேட்க எனக்குத் தெம்பில்லை என்றும் பட்டது.

அந்த வீடு இருந்த தெருவின் பெயரில் 'மில்' என்ற சொல் இருந்தது. புது வீடுகள், புது மதில்கள், நட்டு ஒரு வருடமும் ஆகாத மரக்கன்றுகள். மில் ஒன்றையும் காணோம். அக்காவுக்கு அது பொறுக்கவில்லை.

"மில் எண்டு பேர் வச்சால் எங்கையோ மில் இருந்திருக்க வேணுமெல்லே?"

அக்கம்பக்கத்தில் கேட்டார். ஒருவருக்கும் தெரியவில்லை. நூலகத்துக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார். அங்கே இருந்த பெண் பழைய வரைபடமொன்றை விரித்து, ரூஜ் ஆற்றங்கரையில் ஒரு சின்னப் புள்ளியைக் காட்டினார். அது ஆற்றுத் தண்ணீரில் ஓடிய மாவாலையாம். மேலே ஓர் அணை கட்டி, ஒரு வாய்க்காலால் தண்ணீரைக் கொண்டுவந்து, மரச் சக்கரத்தைச் சுற்றவைத்துச் சுற்று வட்டாரத்துக் கோதுமையை எல்லாம் அரைத்தார்களாம். எரிந்ததா, வெள்ளம் கொண்டுபோனதா தெரியாது. ஆறும் அதன்பிறகு வளைந்து வளைந்து இடம் மாறிவிட்டது. புள்ளி இருந்த இடம் எது என்று இப்போது யாருக்கும் சொல்லத் தெரியாது என்றார்.

காரில் ஏறியதும் அக்கா சொன்னார்: "தேடிப் பாப்பம் பிள்ளை."

"எதுக்கு அக்கா?"

"இஞ்சை ஆக்கள் தண்ணியைக் கட்டிவச்சு வேலை வாங்கியிருக்கினம். தண்ணி சொல்லுக் கேட்டிருக்கு. அந்த இடத்திலை ஒருக்கா நிண்டு பாக்கோணும்."

அந்த மாரிப் பனிக்காலத்தில் நான் கர்ப்பமாக இருந்தேன், முதல் பிள்ளை. நன்றாக நடக்கச் சொல்லி டொக்டர் சொல்லியிருந்தார். அதை அக்கா பிடித்துக்கொண்டார். சனிக்கிழமைகளில் காரைப் பள்ளத்தாக்கின் மேல் வீதியோரம் விட்டுவிட்டு மரங்களுக்குள்ளால் நடப்போம். போன பாதையால் ஒருநாளும் திரும்பியது கிடையாது. வேலி ஏறுவோம், முள்ளுக்குள்ளால் வருவோம், கார் நிற்கும் இடத்தை வேறொரு பக்கத்தால் வந்து அடைவோம். எத்தனையோ தடவை வழி தெரியாமல் நின்றிருக்கிறோம். ஒவ்வொரு முறையும், இனி வரவே மாட்டேன் என்று மனதுக்குள் சத்தியம் செய்வேன். அடுத்த சனிக்கிழமை அவர் சப்பாத்துப் பையோடு கராஜ் கதவால் வெளியே வரும்போது மறுக்க வாய் வராது.

ஒன்றை மட்டும் கவனித்தேன். ஆற்றை ஒட்டி இருந்த ஓர் இடத்தைத் தேடுகிறார். ஆனால் ஆற்றங்கரைக்குப் போகமாட்டார். ஆறு கண்ணுக்குத் தெரிந்ததும் ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுவார். உறைந்து வெள்ளைப் பாயாகக் கிடந்த ஆறு அது. அதைக்கூட நேரே பார்க்கமாட்டார்.

பங்குனித் தொடக்கத்தில் ஒருநாள் வேலி ஒன்றைத் தாண்டி இறங்கினோம். பெரிய கறுப்பு நாய் ஒன்று குரைத்துக்கொண்டு பாய்ந்து வந்தது. நான் அக்காவின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தேன். அதன் பின்னால் ஒரு வெள்ளைக்காரக் கிழவர் வந்தார். அந்தப் பண்ணையில் தனியாக இருப்பவர். நாயை அதட்டி நிறுத்திவிட்டு, இங்கே என்ன தேடுகிறீர்கள் என்று கேட்டார். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் மில் என்றேன். அவர் சிரித்தார். சின்ன வயதில் தானும் தேடியதாகவும், தன் தகப்பனும் தேடியதாகவும், ஒரு கல்லைக்கூடக் கண்டதில்லை என்றும் சொன்னார். வேலிக்கு அப்பால் போகும்போது திரும்பி நின்று, "தி ஐஸ் இஸ் கோயிங் அவுட் திஸ் வீக்" என்றார். கையை ஆற்றுப் பக்கம் நீட்டி அசைத்தார்.

"என்னவாம்?" என்று அக்கா கேட்டார்.

"இந்தக் கிழமை ஐஸ் போயிடுமாம்."

"நல்லதாப் போச்சு. ஐஸ் போனால் நிலம் வடிவாத் தெரியும். சனிக்கிழமை வருவம்."

கிழவர் எங்களை எச்சரித்திருக்கிறார் என்பது எங்கள் இருவருக்கும் விளங்கவில்லை. ஆற்றில் ஐஸ் போவது என்றால் என்னவென்று யாழ்ப்பாணத்தில் பிறந்த எங்களுக்கு எப்படித் தெரியும்? குளிர்பானத்துக்குள் போட்ட ஐஸ்கட்டி கரைவதுபோல அது சத்தமில்லாமல் கரைந்து போகும் என்றுதான் நினைத்தோம்.

சனிக்கிழமைக்கு முந்தின நாள் முழுக்க மழை. சனி காலையில் வெயில் எறித்தது. பண்ணையை அண்டிய வீதியில் காரை விட்டோம். பள்ளத்தாக்குச் சரிவு வழுக்கலாகக் கிடந்தது. நான் மேட்டிலேயே நிற்பது என்றும் அக்கா மட்டும் இறங்கிப் பார்த்துவிட்டு வேறு பக்கத்தால் ஏறி வருவது என்றும் பேச்சு. அவருடைய சிவப்புக் கம்பளித் தொப்பி கீழே போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சரிவின் அடியில் நீளமாக ஒரு பள்ளம் கிடந்தது. அதற்குள் இறங்கி ஏறி, அங்காலுள்ள சமதரையில் நடந்து, சீடர் மரங்களுக்குப் பின்னால் மறைந்தார்.

பிறகு காணவில்லை. கூப்பிட்டேன், பதிலில்லை. கை விரல்கள் விறைத்தன. மறுபடி கூப்பிட்டேன். ஆற்றுப் பக்கம் ஏதோ பலகை உடைவதுபோல ஒரு சத்தம் கேட்டது. விழுந்துவிட்டாரோ? வயிற்றை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, கிளைகளைப் பற்றிப் பற்றி நானும் இறங்கினேன். அந்த நீளப் பள்ளத்துக்குள் முழங்கால்வரை பழைய ஸ்னோ இருந்தது. ஏறி அங்கால் போனேன்.

அக்கா மரங்களுக்குப் பின்னால் குந்தியிருந்து, ஒரு தடியால் நிலத்தைக் குத்திப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏன் இறங்கினனீ? வயித்துப் பிள்ளையோடை!" என்று சீறினார்.

நான் வாய் திறப்பதற்குள் வெடித்தது.

வேறு எப்படிச் சொல்வது? ஊரில் ஷெல் விழுந்த சத்தம் அது. நாங்கள் இருவரும் எப்போது நிலத்தில் படுத்தோம் என்று எங்களுக்கே தெரியாது. அக்கா என்மேல் குப்புறக் கிடந்தார். அவருடைய இதயம் என் முதுகில் அடித்தது. பிறகு சட்டென்று, "ஐயோ, பிள்ளை!" என்று உருண்டு விலகி என் வயிற்றைத் தடவினார். மீண்டும் ஒரு வெடி. அதைத் தொடர்ந்து, மலை ஒன்றை நிலத்தில் இழுத்துக்கொண்டு போவதுபோல ஓர் உரசல்.

தலையைத் தூக்கிப் பார்த்தேன். ஆற்றின் வெள்ளைப் பாய் எழும்பியது. நடுவால் பிளந்தது. கதவளவு, லொறியளவு ஐஸ் துண்டுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொண்டு கீழ்வளைவை நோக்கிப் போயின. அங்கே போய் இறுகின. போக இடமில்லாத தண்ணீர் திரும்பிக் கரையில் ஏறத் தொடங்கியது.

"ஓடுவம் அக்கா!"

திரும்பினோம். நாங்கள் இறங்கி ஏறிய பள்ளத்தில் ஸ்னோவைக் காணவில்லை. கறுப்புத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. மேலே எங்கேயோ ஆறு கரையை உடைத்து அதற்குள் புகுந்துவிட்டது. அது ஓடிய விதத்தை நான் இன்றைக்கும் மறக்கவில்லை. கோடு கீறினதுபோல நேராக, சரிவின் அடியை ஒட்டி ஓடியது. ஆறு ஒருநாளும் அப்படி நேராக ஓடாது.

"பிள்ளை" என்றார் அக்கா. "உது வாய்க்கால்."

மாரி முழுக்கத் தேடியதைக் கண்டுபிடித்துவிட்டார். அவருடைய முகத்தில் ஒரு சொட்டு இரத்தம் இல்லை. ஒரு பக்கம் ஆறு, மறு பக்கம் வாய்க்கால், நடுவில் நாங்கள். தரை கொஞ்சம் கொஞ்சமாகச் சிறுத்துக்கொண்டு வந்தது.

வாய்க்காலின் அங்கால் கரையில் என்னுடைய காலடித் தடங்கள் தெரிந்தன. ஆழம் முழங்காலளவுதான் இருக்கும் என்று பட்டது. இப்போது இறங்கினால் கடந்துவிடலாம், இன்னும் கொஞ்சம் பிந்தினால் முடியாது. நான் இறங்கப் போனேன். அக்கா என் கோட்டைப் பின்னால் பிடித்து இழுத்தார்.

"வந்த வழியாலை வேண்டாம்."

"விடுங்கோ அக்கா!"

"வந்த வழியாலை வேண்டாம். வேண்டாம். சொன்னாக் கேள்!"

அந்த மெலிந்த கைகளுக்குள் அவ்வளவு பலம் எங்கிருந்து வந்தது? நான் திமிறினேன், கத்தினேன். என்னையும் என் பிள்ளையையும் இந்த மனுசி கொல்லப்போகிறார் என்று நினைத்தேன். அந்த நேரம் ஆற்றைவிட அவருக்குத்தான் அதிகம் பயந்தேன். அவருடைய கண்கள் என்னைப் பார்க்கவே இல்லை. வேறு யாரையோ பிடித்து வைத்திருப்பவர்போல் இருந்தார்.

நாங்கள் இழுபட்டுக்கொண்டு நிற்கும்போதே வாய்க்காலால் ஓர் ஐஸ் துண்டு வந்தது. மேசையளவு இருக்கும். என் காலடித் தடங்களுக்கு நேரே நின்ற இளமரம் ஒன்றில் மோதியது. மரம் படக்கென்று முறிந்து அதோடு போனது.

அதன்பிறகு நான் திமிறவில்லை. வாய்க்காலின் ஓரமாகவே கீழ்ப் பக்கம் ஓடினோம், விழுந்தோம், எழும்பினோம். முட்கள் முகத்தைக் கிழித்தன. திடீரென்று தண்ணீரின் சத்தம் மாறியது, ஒடுங்கிய குழாய்க்குள்ளால் போவதுபோல இரைந்தது. செடிகளை விலக்கிப் பார்த்தேன். வாய்க்காலின் இரண்டு பக்கமும் கல்லால் கட்டிய சுவர்கள். மனிதர் செதுக்கி அடுக்கிய சதுரக் கற்கள், பாசி பிடித்து, வேரோடி. தண்ணீர் அந்தச் சுவர்களுக்குள் அகப்பட்டு ஆழமாக, ஆவேசமாகக் கீழே விழுந்தது. அதற்குக் குறுக்கே பெரிய மரமொன்று எப்போதோ விழுந்து கிடந்தது.

நான் அந்த மரத்தில், குதிரையில் இருப்பதுபோல இரண்டு பக்கமும் காலைப் போட்டுக்கொண்டு, கையை ஊன்றி ஊன்றி நகர்ந்தேன். கீழே பார்க்கவில்லை. வயிறு மரப்பட்டையில் உரசியது. வயிற்றுக்குள் இருந்ததோடு பேசிக்கொண்டே போனேன், என்ன பேசினேன் என்று தெரியாது. அங்கால் கரையில் விழுந்து திரும்பிப் பார்த்தால் அக்கா அசையாமல் நின்றார்.

"வாங்கோ அக்கா!"

"நீ போ பிள்ளை. நான் நிக்கிறன்."

"என்ன விசர்க் கதை? தண்ணி வருது! வாங்கோ!"

அக்கா கீழே ஓடிய தண்ணீரைப் பார்த்தபடி, வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார். இந்த மனுசிக்குப் பயம் என்பதே இல்லை என்று நான் அவ்வளவு காலமும் நினைத்திருந்தேன். பயத்தைத் தவிர அவரிடம் வேறொன்றுமே இருக்கவில்லை என்று அப்போதுதான் கண்டேன். தண்ணீர் அவர் நின்ற இடத்தைத் தொட்டது. சப்பாத்தை மூடியது.

என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. கடவுளைச் சொன்னேன், தம்பியின் பிள்ளைகளைச் சொன்னேன். கேட்கவில்லை. கடைசியாக ஒன்று வாயில் வந்தது.

"அக்கா, இஞ்சை பாருங்கோ! உதாலை நாங்கள் வரேல்லை. உது வந்த வழி இல்லை. புது வழி, அக்கா. புது வழி!"

அவர் தலையை நிமிர்த்தி மரத்தைப் பார்த்தார், முதல்தரம் காண்பவர்போல. பிறகு ஏறிக் குந்தினார். கண்ணை மூடினார்.

"கண்ணை மூடாதேங்கோ. என்னைப் பாருங்கோ. என்ரை முகத்தைப் பாருங்கோ."

பார்த்துக்கொண்டே வந்தார். நடுவில் மரம் ஒருதரம் அசைந்தது. அதை இறுக்கிப் பிடித்தார். மறுபடி நகர்ந்தார். கைக்கெட்டியதும் அவருடைய கோட்டைப் பிடித்து என்மேல் விழுத்தினேன். கிடந்த இடத்திலேயே கட்டிப்பிடித்துக்கொண்டு குழறி அழுதோம்.

எங்களுடைய குழறலைக் கேட்டு நாய்தான் முதலில் வந்தது. பின்னால் கிழவர். வீதியில் எங்கள் கார் நிற்பதைக் கண்டு தேடி வந்திருக்கிறார். எங்கள் இருவரையும் சரிவில் இழுத்து ஏற்றி, தன் பழைய பிக்கப் வண்டியில் ஹீற்றரைப் போட்டு இருத்தினார்.

அந்த வண்டிக்குள் வைத்துத்தான் அக்கா சொன்னார். பல் கிடுகிடுத்ததில் சொற்கள் உடைந்து உடைந்து வந்தன. கிழவர் விளங்காத மொழியைக் கேட்டபடி மெதுவாக வண்டியை ஓட்டினார்.

சண்டை நேரம் ஊரிலிருந்து வெளிக்கிட்டு, கிளாலிக் கடலால் வள்ளத்தில் அக்காவும் தங்கச்சியும் வன்னிப் பக்கம் போய்ச் சேர்ந்திருக்கிறார்கள். ஒரு சேதமும் இல்லை. கரையில் இறங்கிய பிறகு தங்கச்சிக்கு மனம் கேட்கவில்லை. நடக்க ஏலாத மாமியைப் பின்னால் விட்டுவிட்டு வந்தாயிற்று. திரும்பிப் போய்க் கூட்டி வருகிறேன் என்றிருக்கிறாள்.

"வேண்டாம் எண்டனான். சிரிக்கிறாள். 'வந்த வழிதானே அக்கா, இதாலை போறதுக்கு என்ன பயம்?' எண்டு கேக்கிறாள். அதே வள்ளம். அதே ஓட்டி. நான் கையைப் பிடிச்சனான். பிறகு விட்டிட்டன்."

கடலில் நேவியின் துவக்குச் சூடு விழுந்ததாம். வள்ளம் கரைக்கு வரவில்லையாம். என் கோட்டின் பின்பக்கத்தை அவருடைய கை இன்னும் பிடித்திருந்தது.

பண்ணை வீட்டில் கிழவர் சூடாக ஏதோ குடிக்கத் தந்தார். எங்கே கடந்தீர்கள் என்று கேட்டார். கற்சுவர்களைப் பற்றி நான் சொன்னதும் கையிலிருந்த கேத்தலை அப்படியே கீழே வைத்தார். திரும்பத் திரும்பக் கேட்டார். அவர் விளையாடித் திரிந்த சரிவு அது. கோடையில் செடி மூடியிருக்கும், மாரியில் ஸ்னோ மூடியிருக்கும். வெள்ளம் வந்து வாய்க்காலைக் காட்டித் தரும்வரை ஒருவர் கண்ணிலும் படவில்லை.

அன்றைக்குப் பிறகு எனக்கு வீட்டில் காட்டுப் பக்கம் போகத் தடை. அது நியாயம்தான், நானும் போகிற நிலையில் இல்லை. குளிர்சாதனப் பெட்டியில் ஐஸ் விழுகிற சத்தத்துக்கும் திடுக்கிட்டு எழும்பினேன். அக்கா பல நாள் வேலைக்கு வரவில்லை. பிறகு வந்தார். முன்புபோலவே பையோடு, முன்புபோலவே வேறு வழியால். அதில் ஒரு மாற்றமும் இல்லை. ஒன்றைச் சொல்லிவிட்டால் அது போய்விடும் என்பார்கள். அவருக்குப் போகவில்லை. என் பிள்ளை பிறந்த அடுத்த வருடம் அவர் மொன்றியலில் ஓர் உறவினர் வீட்டோடு போய்விட்டார். தொலைபேசியில் குரல் கேட்கும், பிறகு அதுவும் குறைந்தது. இப்போது எங்கே இருக்கிறார் என்று எனக்குத் தெரியாது.

ஆனால் அவர் போவதற்கு முன், வெள்ளம் வந்த அந்த வருட வைகாசியில் ஒருநாள் கிழவர் தொலைபேசி எடுத்தார். தண்ணீர் வற்றிவிட்டது, செடிகள் தழைக்க முன் வந்து பாருங்கள் என்றார். நான் தயங்கினேன். அக்காதான், "போவம்" என்றார். இந்த முறை என் கணவரும் வந்தார், என்னை விட்டு ஓரடி விலகாமல்.

கிழவர் செடிகளை வெட்டி வழி செய்திருந்தார். சுவர்கள் இப்போது தெளிவாகத் தெரிந்தன. சக்கரம் சுழன்ற இடம் கல்லால் கட்டிய ஓர் ஆழமான குழி. சக்கரத்தின் விளிம்பு உரசி உரசி ஒரு பக்கத்துக் கல்லில் வளைவாகத் தேய்ந்திருந்தது. அடியில் கணுக்காலளவு தண்ணீர் நின்றது. ஒரு மூலைக் கல்லின் கீழால் அது மெதுவாக வழிந்து ஆற்றுப் பக்கம் போய்க்கொண்டிருந்தது.

அக்கா விளிம்பில் நெடுநேரம் நின்றார். பிறகு நிலத்தில் குந்திச் சப்பாத்தையும் காலுறைகளையும் கழற்றினார். கிழவர் கையை நீட்டினார். அக்கா அதைப் பிடிக்கவில்லை. கற்களில் காலை வைத்து வைத்துக் குழிக்குள் இறங்கி, தண்ணீருக்குள் நின்றார்.

"காணும் அக்கா, போதும், ஏறுங்கோ" என்றேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. தண்ணீர் வெளியேறிய மூலையைப் பார்த்து ஒரு பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். அவருடைய தங்கச்சிக்கு ஒரு பெயர் இருந்தது என்று அன்றுதான் கேட்டேன். ஒப்பாரியாக இல்லை. குசினிக்குள் நின்று, சாப்பிட வா என்று முற்றத்துப் பக்கம் கூப்பிடுவதுபோல இருந்தது. ஒருதரம் கூப்பிட்டுவிட்டுக் காத்திருந்தார். மறுபடி கொஞ்சம் உரத்துக் கூப்பிட்டார். கிழவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். என் கணவர் என் தோளைப் பிடித்தார். கல்லின் கீழால் தண்ணீர் போகும் சத்தம் மட்டும் கேட்டது.

அக்கா இன்னும் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு மேலே பார்த்து, "கால் விறைக்குது, கையைத் தா பிள்ளை" என்றார்.